ஓரத்தில் ஒரு கறுப்பு வட்டம்

“இந்தப் படத்தப் பாத்தாலே பயமா கீது அண்ணாச்சி,” என்றான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கோதண்டம்.

பிரசவ வார்டுக்கு வெளியே, எதிர்ச் சுவரில் பெரிய சீமைப் படம். ஆளில்லை, மரமில்லை. முழுக்க ரோஜா நிறம். மேலே சில கருநீலக் கோடுகள். ஓரமாக ஒரு கறுப்பு வட்டம்.

“முதல் யுத்தத்துக்கு முன்னாடியே அங்க இப்படி வரைய ஆரம்பிச்சுட்டாங்க தம்பி,” என்றார் துணைக்கு வந்திருந்த ஞானதுரை. வண்ணாரப்பேட்டையில் படக்கடை வைத்திருப்பவர். “நிறத்த வச்சே மனசச் சொல்லுவாங்க. ரோஜா நிறம்னா சந்தோசம்.”

“இன்னா சந்தோசம்? ரத்தத்துல தண்ணி ஊத்துன மாதிரி கீது. அந்தக் கோடெல்லாம் புயல் மழ. வட்டம், கிரகணம் புடிச்ச சூரியன்.”

“அத நடுவுல வைக்காம ஏன் ஓரமா வச்சிருக்கான்?”

“தனியா வுட்டுட்டுப் பூட்டாங்கோன்னு சொல்றான்.” கோதண்டம் மனைவி இருந்த வார்டின் கதவைப் பார்த்தான்.

“நல்லதையே நினைங்க தம்பி.”

கதவு திறந்தது. நர்சம்மா சிரித்தபடி எட்டிப் பார்த்தார்.

“கன்னியம்மா புருஷன் யாருப்பா? பொண்ணு பொறந்திருக்கு. தாயும் புள்ளயும் சௌக்கியம்!”

கோதண்டம் ஞானதுரையை மூட்டை மாதிரித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். உள்ளே ஓடப் போனவன், படத்தின் முன் சட்டென்று நின்றான்.

“அண்ணாச்சி, இது கொயந்த கன்னம்! மேல பாரு, முடி!”

“அப்போ அந்தக் கிரகணம்?”

“கிரகணமா? திருஷ்டிப் பொட்டு அண்ணாச்சி! அத்த நடுவுலயா வெப்பாங்கோ?”