கடைசி மடிப்பு

பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று, அந்த ஜெர்மானிய ஊரில் கவுனின் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத்தான் தைப்பார்கள். முதல் மடிப்பைப் பிரிப்பதற்குள் மூத்தவள் ட்ரூடே காய்ச்சலில் போய்விட்டாள். கவுன் தங்கை இர்மாவுக்கு வந்தது.

மற்ற மடிப்புகளைப் பிரித்தும் இந்தக் குளிர்காலத்தில் அது குட்டையாகிவிட, அம்மா இர்மாவை நாற்காலியில் ஏற்றி நிறுத்திக் கடைசி மடிப்பைப் பிரித்தாள். தைத்த நாளிலிருந்து வெயிலே படாத துணி, புத்தம்புது நீலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் பச்சைப் புல்லின் கறை, ஈரம்கூடக் காயவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி.

"நான் இல்லம்மா," என்றாள் இர்மா.

அம்மா கறையை முகர்ந்து பார்த்தாள். நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

"கழட்டிக் குடுத்திடு கண்ணு. அக்கா இன்னும் இதைப் போட்டுக்கிட்டுதான் இருக்கா."