பத்து நிமிட வெயில்

1999 டிசம்பரில் பட்டாபிராமனின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஒளி சிகிச்சை செய்தார்கள். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மருந்தை ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ஆறு வாரம் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்றார் வங்காளி டாக்டர். டாக்குரியா ஃபிளாட்டின் ஜன்னல்களுக்கெல்லாம் மனைவி பாகீரதி கம்பளி கட்டினாள்.

ஜனவரிக் கடைசியில், மருந்து உடம்பில் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொல்லியிருந்த சோதனையைச் செய்தார்கள். பட்டாபிராமன் காகிதப் பையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, பைக்குள் கையை விட்டுப் பத்து நிமிடம் வெயிலில் நீட்டினார். மறுநாள் அவர் புறங்கையில் ஒன்றுமில்லை. பாகீரதியின் புறங்கையில் அதே அளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது.

"எண்ணெய் தெறிச்சிருக்கும், விடுங்கோ," என்றாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் அதையும் சொன்னார்.

"மருந்து உங்களுக்குத்தானே போட்டோம்?" என்று டாக்டர் சிரித்தார். "உங்கள் கை சுத்தமாக இருக்கிறது. இனி தாராளமாக வெயிலில் போகலாம், மொஷாய்."

அடுத்த நாள் காலை பட்டாபிராமன் பால்கனியில் வெயிலுக்கு முகத்தைக் காட்டி நின்றார். இதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே, இருட்டான சமையலறையிலிருந்து பாகீரதியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"போறும், உள்ள வந்துடுங்கோ. எனக்கு முகமெல்லாம் எரியறது."