நிற்கத் தெரிந்தவர்கள் தேவை

ஜவுளிக்கடை வாசலில் 'பெண்கள் தேவை' என்ற போர்டு வருடம் முழுக்கத் தொங்கியது. வேலைக்கு வந்தவர்கள் ஒரு மாதம்கூடத் தாங்காமல் ஓடினார்கள். "கண்டதுகளும் வந்துட்டுப் போகுது. தோதான ஆளுங்க மட்டும் வர்ற மாதிரி விவரமா எழுதித் தொலையேன்" என்று சேலைப் பிரிவில் பல வருடமாக நின்று விற்கும் அஞ்சுகத்தின் மேல் எரிந்து விழுந்தார் முதலாளி. விவரம்தானே வேண்டும் என்று புது போர்டில் எழுதினாள் அஞ்சுகம்: 'காலை ஒன்பது முதல் இரவு ஒன்பதுவரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாது. கால் வீங்கினாலும் சிரிக்க வேண்டும்.' இதைப் படித்துவிட்டு எவள் வருவாள் என்று இருந்தாள். மறுநாள் தெருமுனைவரை வரிசை நின்றது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நேர்காணலுக்கு நாற்காலி போட்டு, முதல் பெண்ணிடம் "உக்காரும்மா" என்றார். "இல்லைங்க, நிக்கிறேன்." அடுத்தவளும் உட்காரவில்லை, அதற்கடுத்தவளும் உட்காரவில்லை. அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போர்டைப் படிச்சிட்டுமாடி வந்தீங்க?" என்று கத்தினாள். "எல்லாக் கடையிலயும் இதானேக்கா. நீங்கதான் முன்கூட்டியே சொல்லியிருக்கீங்க" என்றாள் ஒருத்தி. "பாத்தியா அஞ்சுகம், விவரமா எழுதினா எப்பேர்ப்பட்ட பொண்ணுங்க வருது!" என்றார் முதலாளி. அஞ்சுகம் அந்த நாற்காலியை வரிசையின் பக்கம் திருப்பிப் போட்டாள். நரம்பு முடிச்சு விழுந்த கால்களை நீட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். "இப்ப என்னை எந்திரிக்கச் சொல்லுங்க மொதலாளி, பாப்போம்." தெருமுனைவரை எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.