சின்னக் கடையே போதும்

"எனக்கு இந்த ஊரே புதுசு. பேசாம பெரிய ஹோட்டல்லயே சாப்பிட்டுடலாம்" என்றார் கணவர்.

பழைய பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று சனி, ஞாயிறு விடுமுறையில் அவரை வற்புறுத்தி அழைத்து வந்தவள் மனைவிதான்.

"சின்ன வியாபாரிங்களும் பிழைக்கணுமில்லீங்களா" என்று சொல்லி, நூலகத்துக்குப் பின்னால் சந்தில் இருந்த காப்பிக் கடைக்குள் இழுத்துப் போனாள்.

கல்லாவில் இருந்தவர் முகம் மலர எழுந்தார்.

"வாங்க சார்! வழக்கமான மாடி மேஜைதானே? மேடம் வரலையா? இவங்க உங்க அக்காவா?"

கணவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"பெரிய ஹோட்டல்ல யாரு முகத்தை ஞாபகம் வச்சுக்கறாங்க?" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தபடி, மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இவரோட சம்சாரம். அந்த மேடத்தைப் பத்தி நிதானமா சொல்லுங்கண்ணே. இவங்க ரெண்டு பேரும் தங்கின லாட்ஜுக்காரரை நாளைக்குத்தான் பார்க்கப் போறோம்."