ஒரு வரிக் கடிதங்கள்

சமையலறையிலிருந்து எவ்வளவு கத்தினாலும் என் காதில் ஏறாது. அதனால் என் மனைவி மின்னஞ்சல் அனுப்புவாள்: "சாப்பாடு போட்டாச்சு, வாங்க." நானும் "இதோ வந்துட்டேன்" என்று பதில் தட்டிவிட்டு, கணினியின் கறுப்புத் திரை முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவள் இறந்த மறுமாதம், ஒரு மதியம், அவள் அனுப்பிய அஞ்சல்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, அச்சிடும் கட்டளையைத் தட்டினேன். மொத்தம் 318 என்றது திரை.

"ஒரு வரிக்கு ஒரு தாளாப்பா?" என்று அலுத்துக்கொண்டே மகள் எண்ணினாள். "முந்நூத்திப் பத்தொம்பது இருக்கே!"

கடைசித் தாளில் இன்றைய தேதி. "எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது? ஆறுதுங்க."

இந்த முறை நான் பதில் தட்டவில்லை. எழுந்து ஓடினேன்.

காலையிலிருந்து யாரும் அடுப்புப் பற்றவைக்காத வீட்டில், மேஜைமேல் ஒரு தட்டு மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

ஆறிப்போயிருந்தது.