பன்னிரண்டாவது வரிசை

"அம்மாவைப் போய்ப் பன்னிரண்டாவது வரிசையிலயா போட்டிருக்கீங்க? மனசாட்சி இருக்கா அண்ணி?"

போர்டிங் பாஸ் கைக்கு வந்ததுமே மகள் ஆரம்பித்துவிட்டாள். விமான நிலையத்தில் பின்னால் நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மருமகள், கவுன்டரில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மாடிப்படியில் விழுந்து கால்கள் இரண்டும் செயலிழந்ததிலிருந்து, ஒரு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போனதில்லை. யார் கூப்பிட்டாலும் "நான் வரல"தான். இளைய மகனுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு, பேத்தி முகத்தைப் பார்க்க ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறாள். இந்தப் பயணம் கோணிப்போனால் அப்புறம் வாசலைத் தாண்டமாட்டாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் பெரிய மகன் அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்திருந்தான். அவன் மனைவி, யாரையும் கேட்காமல் கொள்ளாமல், அதை எகானமிக்கு மாற்றிவிட்டாள்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடல பாருங்க!" மகள் கவுன்டர் பெண்ணையே நடுவராக்கினாள். "சரி, காசாவது மிச்சமாச்சான்னா அதுவும் இல்ல. மீதிக் காசைத் திரும்பத் தரமாட்டோம்னு கம்பெனி சொல்லியும் மாத்தியிருக்காங்க. வேணும்னே பண்றதுன்னா வேற எது?"

"ஒரு மணி நேரம்தானே மேடம்," என்றாள் கவுன்டர் பெண். "முன்னாடின்னா சீட் கொஞ்சம் அகலம், கால் நீட்ட இடம் இருக்கும், சூடா சாப்பாடு தருவாங்க. சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள இறங்க வேண்டியதுதான்."

"ஒரு மணி நேரமோ பத்து மணி நேரமோ, மரியாதை மரியாதைதாங்க. முன்னாடி ஒரு சீட் போடுங்க. நான் கட்டறேன்."

"வேண்டாம்," என்றாள் மருமகள்.

"ஏன் வேண்டாம்?"

"பின்னாடியே இருக்கட்டும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லு. உனக்கு எங்க உக்காரணும்?"

"உங்க அண்ணி சொல்ற இடத்துல."

"பாத்தீங்களா, பயந்து கிடக்கறா! எங்கம்மாவுக்குப் பயந்து ஒரு ஸ்கூலே நடுங்கிச்சு."

அதற்கு மேல் மகள் யாரையும் கேட்கவில்லை. கார்டை எடுத்து நீட்டினாள். முதல் வரிசையில் சீட் வந்தது. இன்றைக்கு அம்மா ராணி மாதிரிதான் போகப்போகிறாள், அதை யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். மருமகள் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

விமான வாசலில் உதவியாளர்கள் இரண்டு பேர் நின்றார்கள். நடைபாதையில் நுழைகிற மாதிரி ஒடுக்கமான நாற்காலி ஒன்றுக்கு அம்மாவை மாற்றி, முதல் வரிசைக்குத் தள்ளி வந்தார்கள். அகலமான தோல் சீட். மகளுக்கு உச்சி குளிர்ந்தது.

ஓர் உதவியாளர் சீட்டின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார்.

"இது மேல போகாதுங்க. மடக்கு மேஜையே இதுக்குள்ளதான் இருக்கு. அம்மாவைத் தூக்கித்தான் உள்ள வைக்கணும். நான் தோள் பக்கம் பிடிச்சுக்கறேன், நீ காலைப் பிடி."

இரண்டு பேரும் குனிந்தார்கள். முன்வரிசையில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தொடாதீங்க!"

தலைமை ஆசிரியையின் குரல். இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"வீட்டுக்குப் போகலாம்," என்றாள் அம்மா. புடவைத் தலைப்பை அவள் இறுக்கிப் பிடித்திருந்த பிடியை மகள் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்து, வாசலோடு திரும்புவதா?

"வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம் அத்தை," என்றாள் மருமகள். விமானப் பணிப்பெண்ணிடம், பழைய சீட்டில் வேறு யாரையும் போடவில்லையே என்று கேட்டுக்கொண்டாள். "நேரா பன்னிரண்டுக்குத் தள்ளுங்க."

பன்னிரண்டாவது வரிசையில் அவள் குனிந்து, ஓரத்துக் கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டு எதையோ அழுத்தினாள். கைப்பிடி அப்படியே மேலே எழும்பி, சீட்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் இப்போது தடுப்பே இல்லை.

"ம், வாங்க அத்தை."

அம்மா ஒரு கையை நாற்காலியிலும் ஒரு கையை சீட்டிலும் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தம். இன்னொரு தம். சீட்டுக்கு நகர்ந்துவிட்டாள். கால்களைத் தானே எடுத்து உள்ளே வைத்து, புடவையைச் சரிசெய்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். ஒருவர் கையும் அவள் மேல் படவில்லை.

உதவியாளர்கள் போன பிறகும் மகள் அங்கேயே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, தூக்கறது பிடிக்கலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஆஸ்பத்திரியில கண்டவனும் மூட்டை மாதிரி தூக்கினான். இனிமே தூக்கற இடத்துக்கு நான் வரமாட்டேன்னு இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

"நான் உன் பொண்ணும்மா!"

அம்மா மருமகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சொன்னா இப்படித்தான் நின்னு அழுவ. இவ அழல, விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, எந்த சீட்ல கைப்பிடி மேல போகும்னு கேட்டா."