சீர் பீரோ

"கட்டில் பழசு. மிக்ஸி பழசு. ஃபேன் கூடப் பழசு. இந்த வூட்டுல புதுசுன்னு எதுதான் இருக்குதுங்க மாப்ள?"

கம்பைநல்லூரிலிருந்து வந்த காசியம்மாள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

வீரமணி சிரித்தான். "நீங்க சீரா குடுத்த பீரோ இருக்குதுங்களே அத்தை."

"அது ஒண்ணுதான் மானத்தக் காப்பாத்துது."

ஏழு மாத வயிற்றோடு வெண்மதி காபி கொண்டுவந்தாள். "கட்டில் தேக்கும்மா. புதுசுல இப்படிக் கெடைக்காது."

"நீ சும்மா இருடி. வளைகாப்புக்கு நம்ம சனம் பூரா வரும். இதையெல்லாம் பாத்தா என்ன பேசுவாங்க? கோச்சுக்காதீங்க மாப்ள, வளைகாப்ப எங்க வூட்டுலயே வெச்சுக்கறோம்."

வீரமணியின் சிரிப்பு நின்றது. "நாங்க தனியா வந்து நடக்கற மொத விசேஷங்க அத்தை. இங்கதான் நடக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை."

"ஆசை இருந்தா புதுசா வாங்கியிருக்கணும்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பிரெட்டிப்பட்டியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஹயாத் பாஷா, கை வைத்த மர நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வளைகாப்பு அன்று வெண்மதி உட்காருவதற்கு.

காசியம்மாளைப் பார்த்ததும் நின்றார். அவள் முகம் வெளுத்துப்போனது.

"எங்க அத்தைங்க பாய். இந்த பீரோ அவங்க குடுத்த சீரு" என்றான் வீரமணி.

பாஷா பீரோவைப் பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார்.

"புது பீரோ. பாத்தாலே தெரியுதே" என்றார்.

காசியம்மாள் நாற்காலியின் கையைத் தடவினாள்.

"நல்லாத்தான் இருக்குது. வளைகாப்பு இங்கயே நடக்கட்டும்."

மகளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆட்டோ வரை வந்த வீரமணியின் கையைப் பாஷா பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உள்ள ஒரு பொய் சொல்லிட்டேன். அந்த பீரோ அவங்க எங்கிட்ட வாங்கினது..."

"பழசுன்னு தெரியும் பாய். வந்த மாசமே சாவி பட்டுக் கீறிருச்சு. அடியில பழைய பச்சை பெயிண்ட் தெரிஞ்சுது. வெண்மதி பாக்கறதுக்குள்ள நாந்தான் பூசி மறைச்சேன்."

"அப்பறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு என்னங்க பண்றது? அதுக்கப்பறந்தான் உங்க கடைக்கு வர ஆரம்பிச்சேன். என்னிக்காவது நாலு பேருக்குத் தெரிஞ்சாலும், எங்க வூட்டுல அது ஒண்ணு மட்டும் பழசா இருக்கக் கூடாதுல்லைங்க."